காதற் கதையும் கோயிலொழுகும்

திருவெள்ளறைக்குச் சென்ற மாணவர்கள், புண்டரீகாட்சப் பெருமாளைச் சேவித்ததோடு திரும்பியிருக்க மாட்டார்கள். அங்குள்ள பழங்கிணற்றையும் கண்டிருப்பார்கள். நான்கு புறத்திலிருந்தும் படிகள் இறங்கி, ஒவ்வொரு வரிசையும் நடுவே மடங்கித் திரும்பி, சுவஸ்திக வடிவில் அமைந்த கிணறு அது. ஒரு துறையில் நீராடுவோரை மறுதுறையில் நிற்போர் காண இயலாது. ஆலம்பாக்கத்து விசயநல்லூழான் தம்பி கம்பன் அரையன், பல்லவன் தந்திவர்மனது நான்காம் ஆட்சியாண்டில் இதனைத் தோண்டத் தொடங்கி ஐந்தாம் ஆண்டில் முடித்தான் என்றும், அதற்கு மார்ப்பிடுகு பெருங்கிணறு என்று பெயர் என்றும் கல்வெட்டுக் கூறுகின்றது. மார்ப்பிடுகு என்பது அரசனுடைய பட்டப்பெயர். காலம் ஏறக்குறைய கி.பி. 800.

ஊரார் வழங்கும் பெயரோ மாமியார் மருமகள் கிணறு! மாமியார் ஒரு துறையில் நீராட, மருமகள் அவள் கண்ணிற் படாமலே மறுதுறையில் நீராடிக் கரையேறலாமாம். கல்லிலே பெயர் பெற்றவர்கள் அரசனும் அரையனும். ஊரார் நாவிலே இடம் பெற்றவர்கள் அங்கே குளித்த பெண்கள்.

நான் பிறந்து வளர்ந்த ஊர் அது. அந்தக் கிணற்றுப் படியில் அமர்ந்துதான் என் பாட்டி எனக்குத் துலுக்க நாச்சியார் கதையைச் சொன்னார். இதில் ஒரு வேடிக்கை உண்டு. அக்கிணற்றில் ஒரு தமிழ்ச் செய்யுளும் வெட்டப்பட்டிருக்கின்றது. நிலையில்லாத உலகத்தின்மீது காதல் கொண்டு மயங்க வேண்டா, மூப்பு வருமுன் உண்டது போக எஞ்சியதை அறத்துக்கு ஆக்குக என்பது அதன் கருத்து. அத்தகைய அறிவுரைக்கு அருகில் அமர்ந்து நான் முதன்முதலாகக் காதற் கதை கேட்டேன்! அன்று பிடித்த பித்து இன்னும் தெளியவில்லை. கல்லூரியில் பாடநூலுக்குள் தொடர்கதையை மறைத்துப் படித்தவர்களுள் நானும் ஒருவன். ஆகவே, நான் சொல்லப்போவது ஒரு காதற் கதை வாசகனின் அபிப்பிராயம் என்றே கொள்க.

இக்கதையை இளைஞர்களுக்காகத் திருப்பிச் சொல்வோர் பெரும்பாலும் ஒரே வழியிற் செல்கின்றனர். தில்லிப் படை திருவரங்கத்தைக் கொள்ளையிட்டு உற்சவ மூர்த்தியையும் எடுத்துச் செல்கின்றது. சுல்தானின் மகள் அத்திருமேனியைப் பொம்மையாக ஏற்று விளையாடுகிறாள். நாளடைவில் அதன்மீது காதல் கொள்கிறாள். மூர்த்தியை மீட்டுச் சென்றபின் பிரிவாற்றாது திருவரங்கம் வரை ஓடிவந்து உயிர் விடுகிறாள். இவ்வளவில் கேட்போர் கண்ணீர் பெருக்குகின்றனர். நானும் பெருக்கியவனே.

பின்னர், திருவரங்கக் கோயிலின் வரலாறு கூறும் கோயிலொழுகைப் படித்தபோதுதான், திருப்பிச் சொன்னவர்கள் என்னிடமிருந்து எதை மறைத்துவிட்டனர் என்பது விளங்கிற்று. கதையில் இன்னொரு பெண் இருக்கிறாள். அவள் கரம்பனூரைச் சேர்ந்தவள். இன்று உத்தமர்கோயில் என்று நாம் வழங்கும் ஊர் அது. கொள்ளிடத்தின் வடகரையில், திருவரங்கத்திலிருந்து திருவெள்ளறை செல்லும் வழியில் உள்ளது. பெருமாளைச் சேவியாமல் உணவு கொள்ளாதவள் அவள். மூர்த்தியைக் கொண்டு செல்லும் படையைப் பின்தொடர்ந்து தானும் நடக்கிறாள். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட வழி! மாற்றுருவில் அரண்மனையினுள் நுழைகிறாள். மூர்த்தி அரசகுமாரியிடம் இருப்பதை அறிகிறாள். அவ்வளவு வழியும் திரும்பி வந்து கோயிலாரிடம் உரைக்கிறாள். அதன்பின்னரே கோயிலார் தில்லி சென்று, ஆடல் பாடலால் சுல்தானை மகிழ்வித்து, அரசகுமாரி உறங்குகையில் மூர்த்தியைப் பெற்று வருகின்றனர். ஒழுகு அவளைப் பின்சென்றவல்லி என்கின்றது. அது அவள் செய்த செயலின் பெயர். பெற்றோர் இட்ட பெயர் அன்று.

காதற் கதை வாசகன் என்ற முறையில் எனது குறை இதுதான். ஒருத்தி காதலால் அழுதாள்; மற்றொருத்தி காதலால் நடந்தாள். நடந்தவளை நீக்கிவிட்டு அழுதவளை மட்டும் இளைஞர்முன் நிறுத்துவானேன்? மேலும், அரசகுமாரி உறங்குகையில் அவள் உயிரனைய பொருளை எடுத்து வந்தோம் என்ற நெருடலையும் மழுப்பிவிடுகின்றனர். ஒழுகு அதனை மறைக்கவில்லை. பிரான்சில் 1697-இல் பெரோ எழுதிய செந்தொப்பிச் சிறுமியின் கதையில் ஓநாய் அவளை விழுங்குவதோடு கதை முடிகின்றது. செருமனியில் 1812-இல் கிரிம் சகோதரர் வெளியிட்ட தொகுப்பில் வேடன் வந்து காப்பாற்றுகிறான். திருப்பிச் சொல்வோர் ஒருவரைச் சேர்க்கலாம், ஒருவரை விலக்கலாம். ஆனால் கதையின் முதுகெலும்பாக நிற்பவரை விலக்கினால் எஞ்சுவது என்ன?

வரலாற்று மாணவர்கள் இன்னொன்றையும் கேட்பீர்கள்: இது எப்போது நிகழ்ந்தது? மேல்கோட்டையிலும் இத்தகைய கதை உண்டு. அங்கே தில்லி சென்று மூர்த்தியை மீட்பவர் இராமானுசர். அவர் வாழ்ந்ததாக மரபு கூறும் காலம் 1017 முதல் 1137 வரை. தில்லியில் சுல்தான் ஆட்சி தோன்றியதோ 1206-இல். திருவரங்கக் கதைக்கு இந்த இடர் இல்லை. மாலிக்காபூரின் படையெடுப்பு 1311-இலும், உலூக்கானின் படையெடுப்பு 1323-இலும் நிகழ்ந்தன. விசயநகரத் தளகருத்தர் கோபணர் மூர்த்தியை மீண்டும் எழுந்தருளச் செய்ததைச் சக ஆண்டு 1293-க்குரிய, அதாவது 1371-ஆம் ஆண்டின், வடமொழிக் கல்வெட்டுத் திருவரங்கத்திலேயே சான்று பகர்கின்றது. எனினும் ஒழுகின் காலவரிசையைக் கல்வெட்டோடு அப்படியே பொருத்திவிட முடியாது. அரசகுமாரிக்குக் கல்வெட்டுச் சான்று காட்ட என்னால் இயலாது, கரம்பனூராளுக்கும் அப்படியே. ஆயினும், தன் கோயிலைக் கொள்ளையிட்டவனின் மகளுக்கு அக்கோயிலிலேயே இடமளித்து, அவளை ஓவியமாக எழுதி, அவள் நினைவாக ரொட்டியும் வெண்ணெயும் படைக்கும் வழக்கத்தை மேற்கொண்டது ஓர் ஊர். அவ்வழக்கம் மெய்யான வரலாறு. திருவரங்கத்து அர்ச்சுன மண்டபத்தில் அவ்வோவியத்தை நீங்கள் கண்டிருக்கலாம்.

கல்லூரி விடுமுறையில் ஊர் சென்றபோது, என் பாட்டியிடம் கரம்பனூராளைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னேனப்பா, நீதான் அதற்குள் தூங்கிவிடுவாய்” என்றார். இப்பொழுதும் ஊருக்குச் செல்லும் பேருந்து உத்தமர்கோயிலைக் கடக்கும்போது, அவள் வடக்கு நோக்கிப் புறப்பட்டது எந்தத் தெருவிலிருந்தோ என்று சன்னல் வழியே பார்ப்பேன்.