ஐந்தாம் வகுப்புக்கு எட்டாத ஏணி: சித்தூர்ச் சீமையில் பிறந்த ஒரு கற்பித்தல் முறையின் வரலாறு

சென்னையிலிருந்து கல்கத்தா நெடுஞ்சாலையில் ஆரம்பாக்கத்தைத் தாண்டினால் தடா. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர் 2022 ஏப்ரலில் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது. பக்கத்துச் சத்தியவேடு 1960 வரை செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்தது. எல்லைக்கோடு இடம் மாறினாலும் தமிழ், தெலுங்கு இரண்டும் புழங்கும் வீடுகள் இங்கே அப்படியே இருக்கின்றன. எல்லைக்கு அப்பாலுள்ள சித்தூர்ச் சீமையிலிருந்து தமிழ்நாட்டுக்கு ஒரு கற்பித்தல் முறை வந்தது. அது தொடக்கப் பள்ளியின் மேல்வகுப்புகளை, குறிப்பாக ஐந்தாம் வகுப்பை, எப்படி நடத்தியது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

கதையைத் திண்ணைப் பள்ளியில் தொடங்க வேண்டும். அங்கே வகுப்பு என்ற பிரிவு இல்லை. மணலில் அரிச்சுவடி எழுதும் பிள்ளையும் எண்சுவடி ஒப்பிக்கும் பிள்ளையும் ஒரே திண்ணையில் இருந்தார்கள். ஆசிரியரான அண்ணாவிக்குத் துணையாகச் சட்டாம்பிள்ளை என்ற மூத்த மாணவர். ஆளுநர் மன்றோ நடத்திய கணக்கெடுப்பின்படி சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். அதற்கு முன்பே, 1789இல் எழும்பூர் ஆண்பிள்ளைகள் காப்பகத்தின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் காப்பகத்தில் புகுத்தினார். எட்டு வயது ஜான் ஃபிரிஸ்கனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். 1797இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூல் வழியே இது ‘மெட்ராஸ் முறை’ எனப் பெயர் பெற்றது. ஆனால் அங்கே போனதும் அது நூற்றுக்கணக்கான பிள்ளைகளை ஒரே தாளத்தில் நடத்தும் ஏற்பாடாகிவிட்டது. பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பது நிலைத்தது. அவரவர் வேகம் தொலைந்தது.

அந்த வேகத்தை மீட்டது அப்போதைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளி அருகிலுள்ள ரிஷிவேலிப் பள்ளி. அதன் கிராமக் கல்விப் பணியில் 1980களின் பிற்பகுதியில் ராமா, பத்மநாப ராவ் இணையர் ஒரு முறையை உருவாக்கினர். சுற்றுக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகள். ஒரே அறையில் ஐந்து வகுப்புகள். குறையாகக் கருதப்பட்ட இந்தக் கலப்பையே அவர்கள் மூலதனமாக்கினார்கள். பாடம் சிறு சிறு அட்டைகளாகப் பிரிந்தது. அட்டைக்கு ஒரு சின்னம். அட்டைகளை வரிசைப்படுத்தும் ஒரு கற்றல் ஏணி. பத்து நாள் காய்ச்சலில் படுத்த பிள்ளை, விட்ட படியிலிருந்தே மறுபடி ஏறலாம். வயலுக்கும் ஆட்டுக்கும் பின்னால் போகும் பிள்ளைகள் உள்ள ஊரில் இது எத்தனை பெரிய விடுதலை!

இங்கே மேல்வகுப்புக்குரிய பகுதி ஒன்றை நின்று பார்க்க வேண்டும்: மெட்ரிக் மேளா. பிள்ளைகள் கடை விரிப்பார்கள், எடை போடுவார்கள், அளப்பார்கள், விற்றுச் சில்லறை கொடுப்பார்கள். ஊரே வாங்க வரும். தராசின் ஒரு தட்டில் காய்கறியும் மறுதட்டில் எடைக்கல்லும் ஏறும்போது, கிலோ, கிராம் என்ற சொற்களுக்குக் கனம் வருகிறது. பின்னமும் தசமமும் பிள்ளையைத் தடுமாறச் செய்யும் பத்து வயதில், என் மதிப்பீட்டில், இதைவிடப் பயன் தரும் உத்தி குறைவு. இதற்குச் செலவும் சொற்பம்.

1995இல் கர்நாடகத்தின் ஹெக்கடதேவன கோட்டையில் ‘நலிகலி’ என்ற கற்பித்தல் முறை இதே வேரில் முளைத்தது. தமிழ்நாட்டில் எம்.பி.விஜயகுமார் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்தபோது ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குச் சென்று வந்தனர். 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், மறு ஆண்டே 264 பள்ளிகளுக்கும், 2007இல் மாநிலம் முழுமைக்கும் பரவியது. கீழ்மட்டக் கரும்பலகை, கம்பிப் பந்தல், சுய வருகைப் பதிவு, பாயில் உட்கார்ந்து பிள்ளைகளோடு பேசும் ஆசிரியர்: வகுப்பறையின் முகமே மாறியது.

ஆனால் தமிழ்நாட்டில் ஏணி நான்காம் வகுப்போடு நின்றது. நலிகலியோ மூன்றாம் வகுப்பைத் தாண்டவில்லை. ஆறு முதல் எட்டு வரை வந்த படைப்பாற்றல் கல்வியில் படித்தல், மனவரைபடம், தொகுத்து வழங்குதல், வலுவூட்டல் எனப் படிகள் உண்டு. அவற்றை வகுப்பு முழுவதும் ஒரே நாளில் ஒன்றாகக் கடக்கும். இடையில் நின்ற ஐந்தாம் வகுப்புக்கு இதன் எளிய வடிவம் கிடைத்தது. மனவரைபடத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. படித்ததைத் தன் போக்கில் அடுக்கிப் பார்க்க அது பழக்குகிறது. ஆயினும் சரளமாக வாசிக்க வராத பிள்ளை, படித்தல் என்ற படியிலேயே தடுக்கி விழுகிறது. நான்கு ஆண்டுகள் தன் வேகத்தில் வந்த பிள்ளையின் வேகம், அது மிகத் தேவைப்பட்ட வகுப்பில் பறிபோயிற்று. தமிழ்நாட்டின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் முதல் மூன்று வகுப்புகளோடு தொடங்கி, அடுத்த ஆண்டு நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கு வந்தது இந்த இடைவெளியை அடைக்கும் முயற்சி என்றே கொள்கிறேன்.

ஆந்திரத்தில் அதே 2022இல் வெளிவந்த 117ஆம் அரசாணை மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளை அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளிகளோடு இணைக்க முற்பட்டது. 2025இல் அது கைவிடப்பட்டது. பாட ஆசிரியர் கிடைப்பார் என்பது அந்த இணைப்பின் நியாயம். ஆனால் சின்னப் பிள்ளைக்கு வாசித்துக் காட்டும் பெரிய பிள்ளையை அது தொடக்கப் பள்ளியிலிருந்து பிரித்தது. திண்ணை முதல் ரிஷிவேலி வரை முறை நின்றதே அந்தப் பெரிய பிள்ளையின் தோளில்தான்.

ஆகவே, நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்குத் தெலுங்கிலும் தமிழிலும் ஒரே வரிசையில் அமைந்த அட்டைகளை இரு மாநிலக் கல்வித் துறைகளும் சேர்ந்து உருவாக்க வேண்டும். தடா, சத்தியவேடு, ஆரம்பாக்கம் பள்ளிகளில் அதைத் தொடங்கலாம்.