உச்சவரம்பு: நிலத்திலும் ஆட்டத்திலும்

உச்சவரம்பு என்கிற சொல் நமக்குப் புதுசில்லை. 1961இல் தமிழ்நாட்டில் நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்றார்கள். 1970இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். நிலம் எங்கேயும் போகவில்லை, பேர் மட்டும் மாறியது. மச்சான் பேரில், பண்ணையாள் பேரில், அறக்கட்டளை பேரில். காபி, தேயிலைத் தோட்டங்களுக்குச் சட்டமே விலக்கும் கொடுத்தது. கொல்லிமலையில் உட்கார்ந்து இதை எழுதுகிறவனுக்கு அந்த விலக்கின் அர்த்தம் தெரியும். ஆகவே உச்சவரம்பு என்று எவன் சொன்னாலும் நம் ஆட்கள் கேட்கிற முதல் கேள்வி, "அதுக்குள்ள சந்து எங்க வச்சிருக்கான்?" என்பதுதான்.

விளையாட்டிலும் ஓர் உச்சவரம்பு இருக்கிறது. ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து இவ்வளவுதான் சம்பளம் கொடுக்கலாம் என்கிற வரம்பு. பணக்கார முதலாளி எல்லா நட்சத்திரங்களையும் வாரிக்கொண்டு போய்விடக் கூடாது, போட்டி சமமாக இருக்க வேண்டும் என்று காரணம் சொல்கிறார்கள். அந்த வரம்புக்குள் நட்சத்திரத்தைப் பிடிப்பது எப்படி என்பது ஒரு தனிக் கணக்கு. அந்தக் கணக்கின் வரலாற்றைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

இன்றைய வடிவில் இதைக் கொண்டுவந்தது அமெரிக்கக் கூடைப்பந்து. 1984-85 பருவத்தில் ஓர் அணிக்கு 36 லட்சம் டாலர் என்று வரம்பு கட்டினார்கள். ஆனால் அதற்கு முந்தின கதையைப் பார்க்க வேண்டும். அங்கே ஆட்டக்காரர்களுக்கு 1954இலேயே சங்கம் இருந்தது. 1964இல் பாஸ்டனில் நட்சத்திரங்களின் காட்சி ஆட்டம். தொலைக்காட்சி காத்திருக்கிறது, ஓய்வூதியத்துக்கு வாக்குக் கொடுத்தால்தான் வெளியே வருவோம் என்று உடைமாற்றும் அறைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார்கள். வாக்குக் கிடைத்த பிறகுதான் ஆடினார்கள். அடுத்த வருஷம் சங்கத் தலைவரான ஆஸ்கர் ராபர்ட்சன் ஒரு கறுப்பர். அவர் பேரில் 1970இல் போட்ட வழக்கு 1976இல் சமரசத்தில் முடிந்து, ஆட்டக்காரனை ஒரே அணியில் கட்டிப்போட்ட கயிறு தளர்ந்தது. இத்தனைக்கும் பிறகு 1983இல் முதலாளிகள் உச்சவரம்பு கேட்டபோது, வருமானத்தில் 53 சதவீதம் எங்களுக்கு என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் சங்கம் ஒத்துக்கொண்டது. சந்தும் உண்டு. தன் சொந்த ஆட்டக்காரனைத் தக்கவைக்க ஓர் அணி வரம்பைத் தாண்டலாம். பாஸ்டனின் லாரி பேர்ட் பேரால் அந்த விதியை இன்றும் அழைக்கிறார்கள். ஆக, அங்கே வரம்பு என்பது இரண்டு தரப்பும் மேசையில் உட்கார்ந்து பேசி முடித்த விஷயம்.

நம் நாட்டுக்கு அது 2008இல் ஐபிஎல் வழியாக வந்தது. வரம்பு வந்தது, மேசை வரவில்லை.

அந்த வருஷம் பிப்ரவரி 20, மும்பையில் ஏலம். ஒவ்வோர் அணிக்கும் 50 லட்சம் டாலர் மடிப்பணம், அன்றைய கணக்கில் 20 கோடி ரூபாய். சில அணிகளுக்கு ஊர்ப் பெருமைக்காக ஒரு நட்சத்திரத்தை ஏலம் இல்லாமலே கொடுத்தார்கள்: மும்பைக்கு டெண்டுல்கர், கொல்கத்தாவுக்கு கங்குலி, பெங்களூருக்கு டிராவிட், மொகாலிக்கு யுவராஜ், டெல்லிக்கு சேவாக். இவர்களுக்கு, அந்தந்த அணி ஏலத்தில் எடுக்கும் மிக விலையுள்ள ஆளைவிட 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இந்தியா சிமெண்ட்ஸ் வாங்கிய சென்னை அணிக்கு அப்படி யாரும் இல்லை. பெருமைக்கு ஆள் இல்லையே என்று ஊரில் பலர் வருத்தப்பட்டார்கள். கணக்குத் தெரிந்தவன் சிரித்திருப்பான்.

தோனி பேர் வந்தது. 4 லட்சத்தில் தொடங்கி 15 லட்சம் டாலரில் நின்றது. மும்பை அந்த விலைக்கு எடுத்திருந்தால் டெண்டுல்கருக்கு 17.25 லட்சம் கொடுத்தாக வேண்டும். இரண்டு பேருக்கே 32.25 லட்சம் போய்விடும், மீதி அணியை எதை வைத்துக் கட்டுவது? மும்பை ஒதுங்கியது. சென்னைக்கு அந்தச் சுமை கிடையாது. மடிப்பணத்தில் பத்தில் மூன்று பங்கை ஒரே ஆளுக்குக் கொடுத்துவிட்டு, கையில் மிச்சமிருந்ததில் ரெய்னாவை 6.5 லட்சத்துக்கும் கண்டிக்காரரான முரளிதரனை 6 லட்சத்துக்கும் எடுத்தது.

2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த பெரிய ஏலத்தைச் செம்மேட்டு டீக்கடையில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் இருந்த பெரியவர் கேட்டார்:

"ஏன் தம்பி, இந்தக் காசு அந்தப் பையனுக்கா, வளத்தவனுக்கா?"

"பையனுக்குத்தான் பெரிப்பா."

"அப்போ பரவால்ல. நம்ம மெளகுக்குக் கொடி பூக்கறப்பவே வெல வச்சு முன்பணம் குடுத்துட்டுப் போயிடறான். காச்ச பிறகுதான் நமக்கே தெரியுது, எவ்ளோ போச்சுன்னு. இவனுக்குக் கண்ணு முன்னாடி வெல ஏறுது பாரு."

"ஏறுறதப் பாக்கலாம் பெரிப்பா. வாயத் தொறந்து கேக்கத்தான் முடியாது."

அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. 2010இல் ரவீந்திர ஜடேஜா ராஜஸ்தான் அணியோடு புது ஒப்பந்தம் போடாமல் மற்ற அணியோடு தன் கூலியைத் தானே பேசினார் என்று அந்தப் பருவம் முழுக்க விலக்கிவைத்தார்கள். 2011இல் மனீஷ் பாண்டேவுக்கு நாலு ஆட்டம் தடை. அப்போது நாட்டுக்கு ஆடாத உள்ளூர் ஆட்டக்காரனுக்கு ஏலமே கிடையாது. எத்தனை வருஷ அனுபவமோ அதைப் பொறுத்து 10, 20, 30 லட்சம் என்று வாரியம் வைத்ததுதான் கூலி. நட்சத்திரத்துக்கான இடம் அணியின் மடியில் எங்கிருந்து வந்தது என்றால், இங்கிருந்துதான்.

2012இல் அதே ஜடேஜாவுக்குச் சென்னையும் டெக்கானும் வரம்பான 20 லட்சம் டாலரில் முட்டி நின்றன. ரகசியச் சீட்டு எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். சென்னை ஜெயித்தது. சீட்டில் எழுதிய மேல்தொகை வாரியத்துக்குப் போனது, ஆட்டக்காரனுக்கு இல்லை. அணியின் கணக்கிலும் கழியாது. 2010இல் பொல்லார்டை மும்பை எடுத்ததும் இதே வழியில்தான். இது பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2025 டிசம்பரில் கேமரூன் கிரீனைக் கொல்கத்தா 25.20 கோடிக்கு எடுத்தது. வெளிநாட்டுக்காரருக்கு 18 கோடிதான் என்று விதி, மிச்சம் வாரியத்துக்கு.

2011இல் வந்த தக்கவைப்பு விதி இன்னும் அழகு. நாலு பேரை ஏலத்துக்கு விடாமல் வைத்துக்கொண்டால் 90 லட்சம் டாலரில் 45 லட்சம் கழியும். ஆனால் அந்த நாலு பேருக்கு உண்மையில் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது அவர்களுக்கும் அணிக்கும் உள்ள விஷயம். பட்டாவில் ஒன்று, அனுபவத்தில் ஒன்று! சென்னை தோனி, ரெய்னா, முரளி விஜய், மார்கல் நாலு பேரையும் வைத்துக்கொண்டது. விதி எழுதும் வாரியத்தில் அப்போது செயலாளராக இருந்தவர் சென்னை அணியின் உரிமையாளர் என். சீனிவாசன். வாரியப் பொறுப்பில் இருப்பவர் அணியும் வைத்திருக்கலாம் என்று 2008இல் செய்த திருத்தத்தை 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது.

நம் மலையிலிருந்து பார்த்தால் தொலைவில்லாத சின்னப்பம்பட்டிக்கு வருவோம். நடராஜனின் அப்பா தறிக்கூலி, அம்மா ரோட்டோரம் கோழிக்கறி விற்றவர். 2017இல் 10 லட்சத்தில் தொடங்கி 3 கோடிக்குப் பஞ்சாப் எடுத்தது. ஊரெல்லாம் பேசிய விலை அது. அடுத்த வருஷம் ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்தது, யாரும் பேசவில்லை. அந்த 40 லட்சம் ஒப்பந்தத்தில்தான் 2020இல் 16 விக்கெட் எடுத்து ஆஸ்திரேலியா போனார். 2018இல் அதே அணி 11 கோடிக்கு எடுத்த ஆள், முன்பு தடை வாங்கிய மனீஷ் பாண்டே. உச்சவரம்புக்குள் கோப்பைக்கு ஆசைப்படும் அணி தேடுவது இந்த 40 லட்சத்து ஆளைத்தான். நட்சத்திரத்தை யார் வேண்டுமானாலும் பணம் கொடுத்து வாங்கலாம். விலைக்கு மேலே உழைக்கிறவன் கிடைத்தால்தான் அந்தப் பணம் மிஞ்சும். 2022இல் அவர் விலை 4 கோடி ஆனது, 2024இல் டெல்லி 10.75 கோடி கொடுத்தது.

பந்து போடுகிறவனுக்குக் கூலியை மற்றவன் வைப்பது ஏலத்தோடு வந்ததில்லை. பல்வங்கர் பாலு, சாமார் குலத்தில் பிறந்த மாபெரும் இடக்கைச் சுழல் பந்துவீச்சாளர். புனேயில் பார்சிகளின் கிளப்பில் மாசம் 3 ரூபாய்க்கு ஆடுகளத்தைப் பெருக்கி உருட்டினார். வெள்ளைக்காரன் கிளப் 4 ரூபாய் கொடுத்தது. கிரேக் என்கிற துரையை அவுட் ஆக்கினால் தடவைக்கு எட்டணா என்று சொல்வார்கள். நாள் முழுக்கப் பந்து போடலாம், மட்டையைத் தர மாட்டார்கள். 1911இல் இங்கிலாந்து போய் 114 விக்கெட் எடுத்த மனிதருக்கு இந்துக்கள் அணியின் தலைமையைக் கடைசிவரை தரவில்லை.

2024க்குத் திரும்புவோம். மடிப்பணம் 120 கோடி. ஐந்து வருஷம் சர்வதேச ஆட்டம் ஆடாத இந்தியன், 'நாட்டுக்கு ஆடாதவன்' கணக்கில் வருவான் என்ற பழைய விதியை மீண்டும் எடுத்தார்கள். உலகக் கோப்பை வாங்கிய தோனி, நாட்டுக்கு ஆடாதவர் ஆனார்! விலை 4 கோடி. ஐந்தாவது ஆளாக முறைப்படி வைத்திருந்தால் 14 கோடி கழிந்திருக்கும். மிஞ்சியது 10 கோடி. அஷ்வினை 9.75 கோடிக்கு எடுத்தார்கள். இவ்வளவு கணக்குப் போட்டும் அடுத்த வருஷம் சென்னை கடைசி இடம்.

ஒரே ஒரு கணக்கு பாக்கி. 2023 முதல் 2027 வரை ஐபிஎல் ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி, வருஷத்துக்கு 9,678 கோடி. 2025இல் பத்து அணிகளின் மடிப்பணமும் சேர்ந்து 1,200 கோடி. 2025இல் புதிதாகக் கொடுத்த ஆட்டச் சம்பளம், அணிக்கு 12.60 கோடி, அதையும் கூட்டினால் 1,326 கோடி. ஒளிபரப்புப் பணத்தில் மட்டும் நூற்றுக்குப் பதினாலு வரவில்லை. டிக்கெட், விளம்பரம் எல்லாம் தனி. அமெரிக்கக் கூடைப்பந்தில் இன்று பாதிக்குப் பாதி. அங்கே வரம்பு வருமானத்தோடு தானே ஏறும், எவ்வளவு ஏறும் என்பது ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறது. இங்கே வாரியம் சொல்கிற எண்தான் வரம்பு.

2019இல் இந்தியக் கிரிக்கெட் ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு சங்கத்தை வாரியம் அங்கீகரித்தது. ஓய்வுபெற்றவர்கள் மட்டும்தான் அதில் சேரலாம்.