மின் அடுப்பின் நோய் அறிதல்



தீபாவளி நெருங்கினால், புக்கிட் ரம்பாய் வட்டாரத் தோட்டங்களில் அந்நாளில் ஒரு பக்கம் முறுக்குச் சட்டி காயும். இன்னொரு பக்கம் தகரத் தட்டில் மாவை ஊற்றி, மேலும் கீழும் கரி நெருப்புப் போட்டுக் கேக் சுடுவார்கள். அந்த அடுப்பு சரியாக எரியவில்லை என்றால் காரணம் கண்ணுக்குத் தெரியும். கரி ஈரமாக இருக்கும், அல்லது சாம்பல் மூடியிருக்கும். இன்று நம் வீடுகளில் உள்ள மின் அடுப்பில், அதாவது ஓவனில், காரணம் உள்ளே மறைந்து நிற்கிறது. அதைத் தேடிப் பிடிக்கும் வழி எப்படி வந்தது என்பதைப் பார்ப்போம்.

மலாயாவுக்கு மின்சாரம் வந்த கதையில் ஒரு தமிழரும் இருக்கிறார். 1894ல் ரவாங் ஈயச் சுரங்கத்தில் மின்னாக்கி இயந்திரத்தை நிறுவிய இருவர் லோக் இயூவும் கே. தம்புசாமிப் பிள்ளையும். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தை நிறுவிய அதே தம்புசாமிப் பிள்ளைதான். 1949ல் மத்திய மின்சார வாரியம் அமைந்தது. அது 1965ல் தேசிய மின்சார வாரியமாகி, 1990ல் தெனாகா நேஷனல் ஆயிற்று. ஆனாலும் பல தோட்டங்களில் நெடுங்காலம் தோட்டத்து இயந்திரம் மாலையில் சில மணி நேரம் ஓடி விளக்கு மட்டுமே எரிந்தது. அதில் அடுப்பு எங்கே வைப்பது?

கம்பியில் மின்சாரம் ஓடினால் சூடு பிறக்கும் என்ற கணக்கை 1840களில் ஜேம்ஸ் ஜூல் வகுத்துவிட்டார். தொல்லை கம்பியில்தான் இருந்தது. இரும்புக் கம்பி சிவக்கச் சிவக்கத் துருவேறி அறுந்துவிடும். பிளாட்டினமோ தங்கத்தைப் போல விலை. அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து கம்பி செய்து 1906ல் காப்புரிமை பெற்றார். சூடேறும்போது அதன்மேல் மெல்லிய குரோமிய ஆக்சைடுத் தோல் படிந்து, உள்ளே இருப்பதைக் காக்கிறது. ஓவனுக்குள் சிவக்கும் குழாயின் உள்ளே இருப்பது இந்த நிக்ரோம் கம்பியே.

பழுது பார்க்கும் கருவி அதற்குப் பின் வந்தது. மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை ஒவ்வொன்றையும் அளக்கத் தனித்தனிக் கருவிகளைத் தூக்கி அலைந்து சலித்த பிரிட்டிஷ் தபால் இலாகாப் பொறியாளர் டொனால்ட் மக்காடி, மூன்றையும் ஒரே பெட்டியில் அடக்கினார். 1923ல் அது ஆவோமீட்டர் என்று விற்பனைக்கு வந்தது. இன்று வயர்மேன் கையில் உள்ள சிறு மீட்டர் அதன் பேரப்பிள்ளை.

230 வோல்ட்டில் ஓடும் 2000 வாட் கம்பிக்குச் சுமார் 26 ஓம் தடை இருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அளக்கும்போது மீட்டர் அந்த அளவைக் காட்டினால் கம்பி நலம். எதையும் காட்டாவிட்டால் கம்பி அறுந்தது. கம்பி முனைக்கும் அடுப்பின் தகர உடலுக்கும் இடையே தொடர்பு காட்டினால், அது எல்லாவற்றிலும் மோசம். மின்சாரம் உடலில் கசிகிறது.

திறந்து பார்ப்பது உரிமம் பெற்ற வயர்மேன் வேலை. திறக்காமலே நாம் அறியக் கூடியது எவ்வளவோ. அடுப்பு முழுவதும் செத்துக் கிடந்தால், அதே சாக்கெட்டில் மேசை விளக்கைச் செருகிப் பாருங்கள். விளக்கும் எரியாவிட்டால் அடுப்பின்மேல் பழி போடாதீர்கள். மேல்பக்கம் சிவந்து கீழ்ப்பக்கம் குளிர்ந்திருந்தால், மின்சாரம் வருகிறது; பெரும்பாலும் கீழ்க் கம்பி போயிருக்கும். சூடு தணியாமல் ஏறிக்கொண்டே போய் கேக் கருகினால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள்.

பியூஸ் எடிசன் 1880ல் காப்புரிமை பெற்ற யோசனை. நம் மூன்று முனைப் பிளக்குக்குள் இருக்கும் பியூஸ், 1947ல் வந்த பிரிட்டிஷ் தரத்தின்படி, வயரைத் தீயிலிருந்து காப்பதற்கு. அது எரிந்ததும் சிகரெட் ஈயத்தாளைச் சுற்றி வைக்கிறார்கள் சில வீடுகளில்! பிறகு எரிய வேண்டியது வயர்தான். மூன்றாவது முனையான எர்த்தை உடைத்துவிட்டு இரண்டு முனைச் சாக்கெட்டில் திணிப்பவர்களையும் கண்டிருக்கிறேன். கசியும் அடுப்பை ஈரக்கையோடு தொடுபவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணோ பிள்ளையோதான்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை தீபாவளிக்கு மட்டும் எடுக்கும் ஓவன், சுவிட்சைப் போட்டதும் வீட்டு மின்சாரத்தையே துண்டித்துவிடுவது உண்டு. குழாய்க்குள் கம்பியைச் சுற்றி நிரப்பிய மக்னீசிய ஆக்சைடுப் பொடி, மாதக் கணக்கில் நம் காற்றின் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். கசிவு துண்டிப்பான் தன் வேலையைச் செய்கிறது; அதைக் கட்டிவைத்து ஏமாற்றாமல், வயர்மேனிடம் கொடுத்துக் கம்பியை உலர்த்தச் சொல்லுங்கள். பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே எடுத்துப் பார்த்தால் அதற்கு அவகாசம் இருக்கும்.