துட்டும் சீட்டும்

இலங்கையருக்குக் கிரிக்கெட் எவ்வளவு அருமையோ, அமெரிக்கருக்குப் பேஸ்போல் அவ்வளவு அருமையானது. அந்நாட்டிலே இவ்வாட்டத்தை ஒட்டி விந்தையான பழக்கம் ஒன்றும் வளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிகரெட்டு விற்ற கம்பெனிகள், மெல்லிய தாட்பொதி நசுங்காதிருத்தற்பொருட்டு அதனுள்ளே ஒரு சிறு அட்டையைச் செருகின. வெறும் அட்டையை வைப்பானேன் என்று கருதி, ஆட்டக்காரரின் உருவங்களை அதிலே அச்சிட்டன. புகை தந்தைக்கு, படம் மகனுக்கு என்றாயிற்று. இங்கிலாந்திலும் வில்ஸ் கம்பெனி 1896இல் கிரிக்கெட் வீரர்களின் படங்களை இவ்வாறே வெளியிட்டது. பின்னாளில் சுவிங்கம் விற்றவர்கள் இவ்வழக்கத்தை மேற்கொண்டனர்.

வீசி எறியப்படுதற்கென்றே பிறந்தவை இச்சீட்டுகள். டொப்ஸ் என்னும் சுவிங்கம் கம்பெனி 1952இல் வெளியிட்ட சீட்டுகளில் விலைபோகாது எஞ்சியவை, 1960ஆம் ஆண்டளவில் குப்பைத் தோணியில் ஏற்றப்பட்டு அத்திலாந்திக் கடலிலே கொட்டப்பட்டன. அந்த 1952ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்த மிக்கி மான்டில் என்பாரின் சீட்டு ஒன்று 2022இல் ஒரு கோடியே இருபத்தாறு இலட்சம் டொலருக்கு ஏலம் போயிற்று. விலையைக் கேட்டு மலைப்பது எளிது. ஆயின் சீட்டுச் சேர்ப்பவனின் இன்பம் விலையிலே பிறந்ததன்று. வரிசையில் ஓரிடம் வெறுமையாய்க் கிடத்தல், அதனை நிரப்பும் சீட்டைத் தேடி அலைதல், தன்னிடம் இரண்டாயுள்ளதைக் கொடுத்து இல்லாததை வாங்குதல், பல ஆண்டுகள் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது சிறுபிராயத்து மாலைப்பொழுதுகள் மனத்தில் எழுதல் ஆகிய இவையே அவ்வின்பத்தின் உறுப்புகள்.

இதனை நன்கறிந்தவர் ஜெபர்சன் பேர்டிக். சிரக்கியூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றிலே வேலை செய்த அவர் பெருஞ்செல்வர் அல்லர்; மூட்டுவாதத்தால் கைகால் முடங்கியவர். பிறர் குப்பையென ஒதுக்கிய சீட்டுகளை அவர் இலட்சக்கணக்கில் சேர்த்தார். சேர்த்ததோடு அமையாது, எவ்வரிசை எக்கம்பெனியினது, எவ்வாண்டினது என ஆராய்ந்து, ஒவ்வொன்றுக்கும் குறியீடு வகுத்து அட்டவணை நூல் வெளியிட்டார். மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட அச்சுப் பொருள்களை நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் நூதனசாலைக்கு வழங்கி, நடப்பது அரிதான நிலையிலும் அங்கே அமர்ந்து தம் கையாலேயே ஏடுகளில் ஒட்டி வந்தார். 1963 ஜனவரியில் கடைசி ஏடு நிறைவெய்தியது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அவர் காலமானார். அவர் வகுத்த குறியீடுகளையே சீட்டுச் சேர்ப்போர் இன்றும் வழங்குகின்றனர்.

மட்டக்களப்புக்கு வடக்கே, வாகரைக்கும் வெருகலுக்கும் இடையே கடலோரத்தில் அமைந்த கதிரவெளியில் இத்தகைய சீட்டுகளைத் தேடுவது வீண் வேலை. ஆயினும் சீட்டுச் சேர்ப்போர் துய்க்கும் இன்பம் அனைத்தையும் தரவல்ல பொருள் ஒன்று இக்கரைக்கு உண்டு. அதுவும் கைமாறித் தேய்ந்து தொலைவதற்கென்றே பிறந்ததுதான். அதன் பெயர் துட்டு.

'கையில் துட்டு இல்லை' என்று சொல்பவர் தாம் ஒல்லாந்த மொழி பேசுவதாக எண்ணுவதில்லை. எனினும் அச்சொல் ஒல்லாந்தருடைய 'டொயிட்' என்பதன் திரிபே என அகராதிகள் குறிக்கின்றன. ஒல்லாந்தர் 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். அவர்களது கிழக்கிந்தியக் கம்பெனி மிளகும் கறுவாவும் வாங்கக் கப்பலில் வெள்ளி கொண்டுவந்தது. சந்தையிலே வெற்றிலைக்கும் மீனுக்கும் கொடுக்கச் சில்லறை வேண்டியிருந்தமையால் செப்புக் காசையும் கொண்டுவந்தது. இலங்கையில் நான்கு துட்டு ஒரு ஸ்தூவர்; நாற்பத்தெட்டு ஸ்தூவர் ஓர் இறைசால். ஆகவே ஓர் இறைசாலுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு துட்டு.

இங்கே ஒரு சிறு சூழ்ச்சியையும் சொல்லவேண்டும். அதே துட்டு ஒல்லாந்து தேசத்திலே எட்டுக்கு ஒரு ஸ்தூவராகவும், கீழைத்தேசத்திலே நான்குக்கு ஒரு ஸ்தூவராகவும் செலாவணியாயிற்று. ஊரில் அள்ளிக்கொண்டு வந்து இங்கே செலவழித்தால் இரட்டிப்பு ஆதாயம். இவ்வாதாயத்தை மாலுமிகள் தட்டிக்கொண்டு போகாதபடி, 1726 முதல் கம்பெனி தன் முத்திரை பொறித்த தனித் துட்டுகளை அடிப்பித்தது. 'வி' என்னும் பெரிய உரோம எழுத்தின் இரு கைகளிலும் 'ஓ', 'சி' என்னும் எழுத்துகள் கோத்த அம்முத்திரையை, இலங்கையின் கரையோரங்களிற் பழங்காசு கண்டெடுத்தோர் பலரும் அறிவர். முத்திரையின் கீழே ஆண்டு தெளிவாக இருக்கும்.

சேர்ப்பவனை மயக்குவது காசின் மறுபக்கம். ஒல்லாந்து தேசத்தின் வெவ்வேறு மாகாணங்கள் தத்தம் அக்கசாலைகளிலே இத்துட்டுகளை அடித்தமையால், ஒவ்வொன்றும் தன் சின்னத்தைப் பொறித்தது. ஒல்லாந்து மாகாணத்துக்கு முடிசூடிய கேடயத்தில் ஒற்றைச் சிங்கம். மேற்குப் பிரீஸ்லாந்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாய் நடக்கும் இரு சிங்கங்கள். கெல்டர்லாந்துக்கு எதிரெதிரே நின்று பொரும் இரு சிங்கங்கள். உத்ரெக்ட்டுக்குக் குறுக்கே பிளந்த கேடயம். சீலாந்துக்கோ அலைகளுக்கு மேலே பாதி உடல் காட்டி எழும் சிங்கம். அதன் நாட்டில் நிலமும் கடலும் ஓயாது போராடின. வாவிக்கும் கடலுக்கும் இடையே மணற்றிட்டில் வாழ்வோருக்கு இச்சிங்கம் அயலானாகத் தோன்றாது. மாகாணம் ஒருபுறம், ஆண்டு மறுபுறம் எனக் கட்டம் வரைந்தால் வெற்றிடங்கள் பல விழும். ஒரு தேய்ந்த துட்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கடைசி இலக்கம் ஆறோ எட்டோ என்று வாதிடும் மகிழ்ச்சியை, அமெரிக்கச் சிறுவன் தன் சீட்டின் முதுகைப் புரட்டிப் பார்க்கும் மகிழ்ச்சியிலிருந்து வேறுபடுத்த இயலாது.

கப்பற் காசு போதாதபோது இலங்கையிலேயே செம்பு அடிக்கப்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கொழும்பு, காலி, யாழ்ப்பாணம், திருகோணமலை ஆகிய இடங்களின் பெயர்களைக் குறிக்கும் எழுத்துக்களோடு தடித்த ஸ்தூவர்க் காசுகள் வெளிவந்தன. இவற்றுள் திருகோணமலைக்குரிய 'டி' எழுத்துக் காசு கதிரவெளிக்கு மிக அண்மையில் பிறந்ததாகும். வடிவிலே அது கரடுமுரடானது. ஐரோப்பிய அக்கசாலையின் நேர்த்தி இல்லை. அழகை விரும்புவோர் சீலாந்துச் சிங்கத்தை நாடலாம். சரித்திரத்தை விரும்புவோர் இந்த முரட்டுக் காசையே முதலில் எடுப்பர்.

ஒல்லாந்தர் போயினர், 1795-96இல் பிரித்தானியர் வந்தனர். இறைசாற் கணக்கை விடாது வைத்துக்கொண்டு, காசிலே யானையைப் பொறித்தனர். 1872 ஜனவரி முதலாந் தேதி ரூபாவும் சதமும் முறையாயின. அதற்கென 1870 என்னும் ஆண்டு பொறித்து அடித்த செப்புச் சதங்களின் ஒருபுறம் விக்டோரியா மகாராணியின் தலை. மறுபுறம் தாளிப்பனை, அதன் இருமருங்கும் சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதி. உரோம எழுத்தறியாத தமிழ்ச் சிறுவன் எழுத்துக் கூட்டிப் படிக்கத்தக்க காசு அது.

இக்காசுகள் யாவும் வீடுகளிலே எங்ஙனம் தங்கின? சேர்க்கவேண்டும் என்ற எண்ணத்தால் தங்கியவை சிலவே. நேர்த்திக்கென மஞ்சட் சீலையில் முடிந்து வைத்து மறந்தவை உண்டு. வெற்றிலை வட்டாவின் அடியிற் கிடந்தவை உண்டு. செல்லாக்காசாகிப் பிள்ளைகளின் விளையாட்டுக்குப் போனவை உண்டு. வாழைச்சேனையிலிருந்து திருகோணமலைக்குச் செல்லும் கரையோர வீதியில், ஆறும் களப்பும் கடலோடு கலக்குமிடங்கள் பல. பாலங்கள் வருமுன் அவ்விடங்களைத் தோணியிலும், 'பாதை' எனப் பெயர்பெற்ற மிதவையிலும் கடந்தனர். அவ்வீதியின் கடைசிப் பெருந்துறைகளுள் ஒன்றாகிய கிண்ணியாவுக்கு 2009இலேதான் பாலம் வந்தது. துறைதோறும் இறங்கி ஏறிய பயணிகளின் மடியிலிருந்து நழுவிய சில்லறையை மணல் தன்னுள் வாங்கிக்கொண்டது.

மணலுக்குள் இருப்பது ஒருவாறு பாதுகாப்பே. வெளியே வந்தபின்தான் ஆபத்து. கண்டெடுத்த செப்புக் காசை வீட்டுக்குக் கொண்டுவந்து, குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் புளியிட்டுத் தேய்ப்பது பலரது வழக்கம். காசு பளபளக்கும், ஆனால் இரு நூற்றாண்டுகளாக அதன்மேற் படிந்து காவலாயிருந்த கரும்பச்சைப் படலம் போய்விடும். அதனோடு எழுத்தின் விளிம்பும், சிங்கத்தின் பிடரியும் மழுங்கும். நல்லெண்ணத்தால் விளையும் இக்கேடு கள்வராற் கூட விளைவதில்லை. பழஞ்செம்பு நிறை கணக்கிலே விலைபோன காலங்களில், உருக்கப்பட்டுப் பானையும் மணியும் ஆனவற்றுக்குக் கணக்கே கிடையாது.

மற்றோர் இழப்பும் உண்டு. அது கண்ணுக்குத் தெரிவதில்லை. அமெரிக்கச் சீட்டுகளுக்கு ஒரு பேர்டிக் வாய்த்ததுபோல, இலங்கைக் காசுகளுக்கு எச். டபிள்யூ. கொட்றிங்டன் வாய்த்தார். அரசாங்க உத்தியோகத்தராயிருந்த அவர் எழுதிய இலங்கை நாணய வரலாற்று நூலைக் கொழும்பு நூதனசாலை 1924இல் வெளியிட்டது. இன்றும் அத்துறையில் அடியெடுத்து வைப்போர் அதனையே முதலிற் புரட்டுவர். நந்தியும் பிறையும் பொறித்து 'சேது' எனத் தமிழில் எழுதிய காசுகள் யாழ்ப்பாண அரசருடையவை என்ற முடிவு இக்காலத்து ஆராய்ச்சியாலே உறுதிப்பட்டது. அரசர் பலர் கல்வெட்டு வைக்கவில்லை, காசு வைத்தனர். அக்காசு எங்கே, எதனோடு கிடந்தது என்பது தெரிந்தமையாலேயே அது சாட்சி சொல்லிற்று. இடம் தெரியாத காசு ஊமைச் சாட்சி.

கதிரவெளியைப் பொறுத்தவரை இது வெறும் ஏட்டுப் பேச்சன்று. பெருங்கற்கால ஈமச்சின்னங்கள் காணப்பட்ட இடங்களுள் ஒன்றாகத் தொல்லியலாளர் இவ்வூரைக் குறிப்பிடுகின்றனர். அத்துணைப் பழமையான குடியிருப்பு. ஆயினும் வீட்டிலே கடதாசி தங்குதற்குக் காலம் இடங்கொடுக்கவில்லை. 1978 நவம்பரிலே சூறாவளி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சூறையாடியது. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை இக்கரையைத் தின்றது. 2006 நவம்பரிலே, இடம்பெயர்ந்தோர் தஞ்சம் புகுந்திருந்த கதிரவெளிப் பாடசாலையின்மீது எறிகணைகள் வீழ்ந்து நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். எஞ்சியோர் உடுத்த துணியோடு தெற்கே நடந்தனர். உறுதியும் பிறப்புப் பத்திரமும் கலியாணப் படமும் இழந்த குடும்பங்கள் பல. அத்தகைய மண்ணிலே ஒரு துட்டு மீண்டும் அகப்படின், அது விலைக்குரிய பொருள் மாத்திரமன்று. இன்னார் வளவில், இத்துணை ஆழத்தில், இன்ன ஓட்டுத்துண்டோடு கிடந்தது என்று எழுதி வைத்தால், கடதாசி இழந்த ஊருக்கு அதுவே ஒரு கடதாசி.

சட்டமும் இதனோடு தொடர்புடையது. 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் கட்டளைச் சட்டம், மண்ணிற் கண்டெடுத்த தொல்பொருளை அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும் என விதிக்கிறது. அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோதலையும் தடுக்கிறது. அறிவித்தால் பொருள் பறிபோகுமென்று அஞ்சிக் கண்டவர் மறைப்பதும், மறைத்த காசு ஊர் பேர் இன்றி வியாபாரியின் கைக்குப் போவதும் நிகழ்கின்றன. இந்த அச்சத்தை வெறும் அறியாமை என்று தள்ளிவிடல் முறையாகாது. பலமுறை யாவற்றையும் இழந்தவரிடம் கையிலிருப்பதையும் கொடு என்று சொல்வது எளிதன்று. காசு எங்கே போனாலும், அதனைப் பற்றிய குறிப்பு ஊரிலே தங்கவேண்டும் என்பதே இதிற் பெரிது. அதற்கு வேண்டுவன ஒரு பள்ளிக்கூடக் கொப்பியும், காசின் இரு முகங்களையும் படியெடுக்க மெல்லிய தாளும், ஒரு பென்சிலுமே.

தாளைக் காசின்மேல் வைத்துப் பென்சிலால் மெல்லத் தேய்த்தால், கண்ணுக்குப் புலப்படாத தடங்களும் சிலவேளை தாளிலே எழும்: முதலில் கேடயத்தின் விளிம்பு, பின்பு அலை, அதன்மேற் சிங்கத்தின் தலை. மறுபுறம் திருப்பினால் முத்திரையும், அதன்கீழே ஆண்டின் நான்கு இலக்கங்களுள் மூன்றும். நான்காவதற்கு இன்னொரு துட்டைத் தேடவேண்டும்.