பொய் எச்சரிக்கை (நிரல்மொழிமாற்றி)

பொய் எச்சரிக்கை என்பது, மூல நிரலில் பிழை ஏதும் இல்லாத இடத்தில் பிழை இருக்கக்கூடும் என நிரல்மொழிமாற்றி அல்லது கம்பைலர் வெளியிடும் செய்தி ஆகும். பிழைச்செய்தி தோன்றினால் நிரல்மொழிமாற்றம் நின்றுவிடும். எச்சரிக்கை தோன்றினாலும் இயங்குநிரல் உருவாகும். சிறிய நிரல்களில் ஓரிரு பொய் எச்சரிக்கைகளால் தொல்லை இல்லை. பலர் சேர்ந்து எழுதும், இலட்சக்கணக்கான வரிகளைக் கொண்ட மென்பொருள்களில் அவை குவியும்போது, உண்மைப் பிழையைச் சுட்டும் எச்சரிக்கை அவற்றினிடையே கவனிக்கப்படாமல் போகிறது.

காரணங்கள்

எல்லா நிரல்களுக்கும், அவற்றை இயக்காமலேயே, அவை எவ்வாறு நடந்துகொள்ளும் எனத் தீர்மானிக்கும் பொதுவான வழிமுறை எதுவும் இருக்க இயலாது. 1936 இல் ஆலன் டூரிங் நிறுவிய முடிவு இதற்கு அடிப்படையாகும். ஆகவே நிரல்மொழிமாற்றி தோராயமாகவே முடிவு செய்கிறது.

எடுத்துக்காட்டாக, ஒரு கோப்பு திறக்கப்பட்டால் மட்டும் ஒரு மாறிக்கு மதிப்பு இடப்படுகிறது. பின்னர் அதே நிபந்தனையின் கீழ் மட்டும் அம்மாறி படிக்கப்படுகிறது எனக் கொள்வோம். இரு நிபந்தனைகளும் ஒன்றே என்பதை அறிய இயலாத நிரல்மொழிமாற்றி, மதிப்பிடப்படாத மாறி பயன்படுத்தப்படலாம் என எச்சரிக்கும். ஜிசிசி நிரல்மொழிமாற்றியின் 4.7 ஆம் பதிப்பில் (2012) இத்தகைய ஐயங்கள், உறுதியானவற்றிலிருந்து பிரிக்கப்பட்டுத் தனி எச்சரிக்கை வகையாக்கப்பட்டன.

கையாளும் முறைகள்

* நிரலைத் திருத்தி எழுதுதல்: நிபந்தனைகளை ஒன்றாக்குவது, செயற்கூறைச் சிறிதாகப் பிரிப்பது போன்றவை. பெரும்பாலும் மனிதருக்கும் நிரல் எளிதில் விளங்கும்.
* குறிப்பிட்ட வரிகளில் மட்டும் அடக்குதல்: ஜிசிசி 4.6 (2011) முதல், எச்சரிக்கை அமைப்பைச் சேமித்து, மாற்றி, மீட்கும் கட்டளைகள் உள்ளன. அடக்கியதன் காரணத்தை அருகில் கருத்துரையாக எழுதுவது நன்று.
* பிறர் எழுதிய தலைப்புக் கோப்புகளை அமைப்புக் கோப்புகளாக அறிவித்தல்: இவற்றில் எழும் எச்சரிக்கைகளுள் பெரும்பாலானவை காட்டப்படா.
* வகை முழுவதையும் முடக்குதல்: எளிதானது, ஆனால் அவ்வகையின் உண்மை எச்சரிக்கைகளும் மறைந்துவிடும்.
* எச்சரிக்கைகளைப் பிழைகளாகக் கொள்ளுதல்: புதியவை சேராமல் தடுக்கும். எனினும் நிரல்மொழிமாற்றியின் புதிய பதிப்பு புதிய எச்சரிக்கைகளை எழுப்பினால், பழைய நிரல் மொழிமாற்றம் பெறாமல் நின்றுவிடும்.

லினக்சு கருனி

லினக்சு கருனியில் 2007 இல், மாறியை அதற்கே சமப்படுத்தி எச்சரிக்கையை அடக்கும் மேக்ரோ ஒன்று சேர்க்கப்பட்டது. இது உண்மைப் பிழைகளையும் மறைக்கக்கூடும் என்பதால், 2020 இல் வெளியான 5.9 ஆம் பதிப்பில் நீக்கப்பட்டது. அதே ஆண்டில், 5.7 ஆம் பதிப்பில், மதிப்பிடப்படாத மாறி பற்றிய ஐய எச்சரிக்கையை லினசு டோர்வால்டுசு இயல்புநிலையில் முடக்கினார். 2021 இல் அவர் எச்சரிக்கைகளைப் பிழைகளாகக் கொள்ளும் தெரிவை இயல்பாக்கினார். பல கட்டமைப்புகள் முறிந்ததால், சில நாட்களிலேயே அது சோதனைக் கட்டமைப்புகளுக்கு மட்டும் எனச் சுருக்கப்பட்டது.

டெபியன் நிகழ்வு

ஆராயாமல் எச்சரிக்கையை நீக்குவதன் விளைவுக்கு டெபியன் இயங்குதளத்தில் நிகழ்ந்தது முக்கிய எடுத்துக்காட்டாகும். இங்கு எச்சரித்தது நிரல்மொழிமாற்றி அன்று. வால்கிரைண்ட் எனும் நினைவகச் சோதனைக் கருவி. ஓப்பன்எசுஎசுஎல் நூலகம் மதிப்பிடப்படாத நினைவகத்தைப் படிப்பதாக அது தெரிவித்தது. அவ்வாறு படித்தது தீங்கற்றது. ஆனால் 2006 இல் எச்சரிக்கையை நிறுத்துவதற்காக ஒரே தோற்றமுடைய இரு வரிகள் நீக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று, சமவாய்ப்பு எண்களுக்கான மூலத்தரவை உட்கலக்கும் வரியாகும்.

அதன்பின் எஞ்சிய வேறுபாடு செயல்முறை அடையாள எண் மட்டுமே. அதன் இயல்பான உச்சவரம்பு 32,768. எனவே ஒரே வகையும் நீளமும் கொண்ட மறைகுறியீட்டுத் திறவுகோல்கள் ஏறத்தாழ அத்தனை மட்டுமே உருவாக முடிந்தது. அனைத்தையும் முயன்று பார்த்துத் திறவுகோலைக் கண்டுபிடிப்பது எளிதாயிற்று. 2008 மே மாதத்தில் குறை வெளியிடப்பட்டபோது, டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டு போன்றவற்றிலும் இடைப்பட்ட காலத்தில் உருவாக்கப்பட்ட திறவுகோல்களை மாற்ற வேண்டியதாயிற்று. நூலகத்தைத் திருத்தியதால் மட்டும் பழைய திறவுகோல்கள் பாதுகாப்பானவை ஆகிவிடவில்லை.