மூதாதையரைத் தேடுவோம்

அரசர்களின் வமிசாவளியைப் பள்ளியில் மனப்பாடம் செய்த நாம், நம் வமிசாவளியில் நான்கு படிகள் ஏறுவதற்குள் தடுமாறி நிற்கிறோம். சொந்த ஊரைவிட்டு வந்தோர்க்கு இக்குறை இன்னும் பெரிது. ஊரில் இருப்போர்க்குக் கோயிலும் குளமும் அண்டை வீட்டாரும் நினைவூட்டுவர். நமக்கு நினைவூட்டுவோர் இலர்.

மைசூர் நாட்டில் தமிழர் புதியவர் அல்லர். காவிரிக்கரைத் தலைக்காடு 11ஆம் நூற்றாண்டில் சோழர் வசமாகி இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. ஏறத்தாழ 1116இல் ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் அதனை வென்றான். பிற்காலத்தே 1881 முதல் ரங்காசார்லுவும், 1883 முதல் 1901 வரை சேஷாத்ரி ஐயரும் இங்குத் திவான்களாக விளங்கினர். மத்திய அரசின் கல்வெட்டியல் அலுவலகம் 1966இல் உதகையிலிருந்து மைசூருக்கு வந்தபோது, தமிழ்க் கல்வெட்டுகளின் மைப்படிகளும் உடன் வந்தன. அவற்றைச் சென்னைக்கு மாற்றுமாறு 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது.

அக்கல்வெட்டுகள் நமக்கு ஒரு பாடம் புகட்டுகின்றன. சோழர் காலத்துக் கொடையாளர் பலர் இன்ன நாட்டு, இன்ன ஊர், இன்னார் மகன் என்றே குறிக்கப்பெற்றனர். நம் பெயருக்கு முன் நிற்கும் ஊரெழுத்தும் தந்தையெழுத்தும் அம்மரபை ஒத்தவையே. ஊரெழுத்தை உதறிவிட்டால் பூட்டு இருக்கும்; சாவி இராது. ஆயினும், கல்வெட்டில் நம் பாட்டனார் பெயரைக் கண்ட மாத்திரத்தில் உறவு கொண்டாடுதல் தகாது. பாட்டன் பெயரைத் தாங்குபவனே பேரன். ஆகவே ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை திரும்பத் திரும்ப வரும். ஊரும் ஆண்டும் ஒத்துவந்தால் மட்டுமே நம்பலாம்.

ஆண்டிலும் எச்சரிக்கை வேண்டும். பழைய பத்திரத்தில் ‘பிரபவ வருடம்’ என்றிருந்தால் அது 1867ஆ, 1927ஆ என்பதைப் பிற குறிப்புகளால் தெளிய வேண்டும். பசலி ஆண்டாயின் 590ஐயும், சக ஆண்டாயின் 78ஐயும் கூட்டினால் ஏறக்குறைய ஆங்கில ஆண்டு கிட்டும்.

மொழி மாறினால் ஊர்ப்பெயரும் உருமாறும். மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நாம் இதனை நாள்தோறும் காண்கிறோம். பழைய ஆங்கில ஏடுகளில் திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ என்றும், தரங்கம்பாடி ‘டிராங்குபார்’ என்றும் ஒளிந்திருக்கும். கன்னட ஆவணத்தில் ழகரம் ளகரமாகும்.

எனினும் எந்த ஆவணமும் முழுமையன்று. நிலப் பத்திரங்கள் பெரும்பாலும் ஆண்களின் பெயரையே பேசுகின்றன. கொள்ளுப்பாட்டியார் எவ்வூரில் பிறந்தார், எத்தனை மக்களைப் பெற்று எத்தனை பேரை இழந்தார் என்பன முதியோர் நெஞ்சில் மட்டுமே எழுதப்பட்டிருக்கின்றன. ஆவணக் காப்பகம் நாளையும் திறந்திருக்கும், அந்நெஞ்சங்கள் காத்திரா.

ஆதலால் முதலில் வீட்டு முதியோரிடம் கேட்போம். பெண்வழியையும் விடாது குறித்து வைப்போம். தமிழறியாப் பேரப்பிள்ளைகளுக்காகக் கன்னடத்திலும் ஒரு படி எழுதி வைப்போம். எழுத்து எதுவாயினும் வேர் ஒன்றே.