சுண்ணாம்புக்கு அடியில் ஒரு பெயர்

திருவண்ணாமலை மாவட்டத்தின் எடுத்தனூர் நடுகல், முதலாம் மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்டது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனின் கல் அது. அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்ளனைக் கடித்துக் காவல் நின்றது என்று அதற்கும் தனியாக வாசகம் வெட்டியிருக்கிறார்கள். செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மண்டகப்பட்டில் பொறித்துவைத்த அதே மன்னனின் காலம். அரசன் தன் புகழைக் குடைவரையில் எழுதினான். ஊர் தன் காவலனையும் அவனுடைய நாயையும் ஒரு பலகைக்கல்லில் எழுதியது.

தமிழகத்துக் கிராமங்களின் போர் நினைவுச்சின்னங்கள் இந்த நடுகற்கள்தான். செங்கம் வட்டாரத்திலும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலும் இவை நிறைய. செங்கத்துக்கும் நடுகல்லுக்கும் உள்ள உறவு பல்லவர்களுக்கு முந்தையது. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், செங்கண்மாவை, அதாவது இன்றைய செங்கத்தை, ஆண்ட நன்னனைப் பார்க்கப் போகும் கூத்தர்களுக்கு வழி சொல்லும் பாட்டு. பெயர் பொறித்து நட்ட வீரர்களின் கற்கள் அந்த வழியில் நிற்பதையும் அது சொல்லிவைக்கிறது. இன்னும் பழைய சான்று தேனி மாவட்டத்தில் இருக்கிறது. வைகைக் கரைப் புலிமான்கோம்பையில் 2006-ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து பொறித்த நடுகற்களைக் கண்டெடுத்தார்கள். அவற்றில் ஒன்று கூடலூரில் நடந்த ஆகோளைக் குறிக்கிறது. ஆகோள் என்றால் மாடு கவர்தல்.

மாட்டுக்காகவா இத்தனை சாவு என்று இன்று கேட்கத் தோன்றும். அன்றைக்கு மாடுதான் சொத்து. உழவு, பால், எரு, ஊரின் மதிப்பு எல்லாம் அதில் அடக்கம். எதிரியின் மந்தையை ஓட்டிக்கொண்டு போவதே போருக்கான முதல் அறிவிப்பு. கவரப் போகிறவன் வெட்சிப்பூ சூடினான், மீட்கப் போகிறவன் கரந்தைப்பூ சூடினான். மந்தையைக் கல்வெட்டுகள் ‘தொறு’ என்கின்றன. தொறு கொள்ளப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு, தொறு மீட்டு இறந்தவனுக்கும் கல் உண்டு. இதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பக்கத்து ஊரின் கள்ளன் தன் ஊரில் வீரன். இரண்டு கற்களும் இன்று ஒரே மாவட்டத்து மண்ணில் நிற்கின்றன.

செங்கம் வட்டாரக் கற்களில் பெரும்பாலும் வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்து. வாசகம் அளந்துவைத்தது போலச் சிக்கனமாக இருக்கும்: எந்த மன்னனின் எத்தனையாவது ஆண்டு, எந்தத் தலைவனின் சேவகன், எந்த ஊர்த் தொறு, கடைசியில் ‘பட்டான் கல்’. ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள். சில கற்களில் உடம்பில் தைத்த அம்புகளும் உண்டு. காலடியில் கெண்டியும் சிமிழும். வீரனின் முகத்தைவிட அவன் நின்ற நிலையில்தான் சிற்பிக்கு அக்கறை. தொல்காப்பியம் கல்லைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படைத்து, வாழ்த்துவது வரை ஆறு படிகளை வகுக்கிறது. இறந்தவனின் குடும்பத்துக்கு நிலம் விட்டதும் உண்டு. நெய்த்தோர்ப்பட்டி, உதிரப்பட்டி என்று அந்த நிலங்களுக்குப் பெயர்.

பிறகு வட்டெழுத்து வழக்கொழிந்தது. கல்லில் இருப்பதைப் படிக்க ஊரில் ஆளில்லை. பெயர் போயிற்று, படையல் மட்டும் தொடர்ந்தது. வில்லேந்தி நின்றவன் வேடியப்பன் ஆனான். இன்றும் திருவண்ணாமலை, தர்மபுரிப் பக்கம் வேடியப்பன் கோயில் என்று சொல்லுமிடத்தில் விசாரித்துப் பார்த்தால் பல இடங்களில் கருவறையில் இருப்பது நடுகல்தான். மற்ற கற்களில் எத்தனையோ துவைகல்லாகவும், மடைக்கல்லாகவும், வீட்டுப் படியாகவும் போய்விட்டன. சாமி ஆன கல் தப்பித்தது.

தமிழ்நாடு தொல்லியல் துறை 1960-களின் பிற்பகுதியிலிருந்து இரா. நாகசாமியின் தலைமையில் இந்தக் கற்களைத் தேடிப் படியெடுத்தது. 1972-ல் ‘செங்கம் நடுகற்கள்’ நூல் வந்தது. கல்லைத் தூரிகையாலும் தண்ணீராலும் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் ஒட்டி, தட்டுத் தூரிகையால் எழுத்துப் பள்ளங்களுக்குள் தாளை இறக்கி, மேலே மை ஒற்றி எடுப்பது மைப்படி. பல நூற்றாண்டுகளாக வாய்விட்டுச் சொல்லப்படாத பெயர்கள் அந்தத் தாளில் வெள்ளை எழுத்தாக எழுந்து வந்தன. பல்லவர் காலத்து எளிய மனிதர்களின் பெயர் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

இன்றைய ஆபத்து பக்தியோடு வருகிறது. சுண்ணாம்பு ஒன்றும் பெரிய கேடில்லை. அடுக்கடுக்காகப் பூசியிருந்தாலும் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் பொறுமையாக உரித்துவிடலாம். எண்ணெய்ப் பிசுக்குக்கும் வழி உண்டு. பயிற்சி பெற்ற வேதியியல் பாதுகாப்பாளர்கள் நீர்த்த அம்மோனியாவும் காகிதக் கூழ்ப் பற்றும் வைத்து எடுப்பார்கள். எனாமல் பெயிண்டும் சிமென்டும் அப்படியல்ல. இந்த எழுத்துகள் ஆழமற்றவை, பெயிண்ட் பள்ளத்தை நிரப்பிவிடும். கும்பாபிஷேகத்துக்காகச் சிமென்டு மேடை கட்டும்போது கல்லின் கீழ்ப்பகுதி புதைந்துபோகிறது. பிறகு அதைப் பெயர்த்தால் கல்லின் தோலும் சேர்ந்து வருகிறது. பளபளப்புக்காக மணலைப் பீய்ச்சி அடித்தால் எழுத்து முற்றிலும் தேய்ந்துவிடும். அப்படிப் போன வாசகத்தை எந்தத் துறையாலும் மீட்க முடியாது.

எல்லாவற்றையும் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்பது எளிதான யோசனை. தர்மபுரி அருங்காட்சியகத்தில் இருக்கும் நடுகற்கள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. சாலை விரிவாக்கத்தில் சிக்கிய கல்லுக்கும், கேட்பாரற்று வயலில் கிடக்கும் கல்லுக்கும் அது நல்ல புகலிடம். ஆனால் ஊர் கும்பிடும் கல்லைப் பெயர்ப்பது தவறு. மந்தை போன வழி, ஏரிக்கரை, மலையடிவாரம் என்று கல் நிற்கும் இடமும் வரலாற்றின் ஒரு பாகம். அங்கே செய்ய வேண்டிய வேலை சிறியது: சாய்ந்த கல்லை நிமிர்த்தி, கருங்கல் சல்லியும் மண்ணும் இட்டு இறுக்கி, மழைநீர் தேங்காமல் வடிகால் விட்டு, வாசகத்தை இன்றைய எழுத்தில் பக்கத்தில் ஒரு பலகையில் எழுதிவைப்பது. பூசாரியிடம் அந்தப் பெயரைப் படித்துக் காட்டுவது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். தான் கும்பிடும் சாமிக்கு ஒரு பெயரும் ஊரும் இருந்தது என்று தெரிந்தவரே அந்தக் கல்லுக்குச் சரியான காவல்.

உங்கள் ஊர் வயல் வரப்பிலோ ஏரிக்கரையிலோ வில்லேந்திய உருவத்தோடு ஒரு பலகைக்கல் நின்றால், அதைச் சுரண்டாதீர்கள், பெயிண்ட் அடிக்க விடாதீர்கள். காலையிலோ மாலையிலோ வெயில் சாய்வாக விழும் நேரத்தில் படம் எடுங்கள், எழுத்து அப்போதுதான் தெரியும். படத்தோடு மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கோ அருகிலுள்ள அரசு அருங்காட்சியகத்துக்கோ தகவல் கொடுங்கள். அடுத்த திருவிழாவுக்குப் பெயிண்ட் வாங்குவதற்கு முன் இதைச் செய்துவிடுங்கள்.